பத்திரிகையும் பக்ஷபாதமும் – அந்தமான் சரித்திரம் சொல்லும் பாடம்



நம் சங்கத்தின் இந்தக் காலாண்டிதழைப் போல, அங்கத்தினர்களே எழுதி, அங்கத்தினர்களே ப்ரூஃப் பார்த்து, அங்கத்தினர்களே ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் சேர்க்கும் பத்திரிகைகள் நம் தேசத்தில் ஆயிரக்கணக்கில் உள்ளன. காலனி மடல், கோவில் கமிட்டி இதழ், பென்ஷனர் சங்கச் செய்தி என்று பல ரூபங்கள். எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆகையால் இதில் எழுதப்படுவதெல்லாம் சுத்தமானது, லாப நோக்கமில்லாதது என்று நாமும் நம்பிப் படிக்கிறோம். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி? எழுதுகிறவர் எந்தப் பக்கம் சாய்ந்தவர் என்பதைப் படிக்கிறவருக்குச் சொல்ல வேண்டுமா? இந்தக் கேள்விக்குச் சரித்திரத்தில் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. அவற்றில் சில நம் ஜனங்கள் அதிகம் நினைத்துப் பார்க்காத அந்தமான் தீவுகளைச் சேர்ந்தவை.

1980-களின் நடுவில் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் மூன்று வருஷம் நான் போர்ட் பிளேரில் இருந்தேன். (2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.) சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் பிரயாணம். மெட்ராஸ் பேப்பர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அன்றாடம் கைக்குக் கிடைத்தது 'டெய்லி டெலிகிராம்ஸ்' என்ற இங்கிலீஷ் தினசரி. அதை வெளியிடுவது அந்தமான் நிகோபார் நிர்வாகமே. கப்பல் என்றைக்குப் புறப்படும், எந்த இலாகாவில் டெண்டர், எங்கே தண்ணீர் வெட்டு எல்லாம் அதில் இருக்கும். நிர்வாகத்தைக் கண்டித்து ஒரு வரி இருக்காது. ஆனால் அதைப் படித்து யாரும் ஏமாந்ததாக நான் பார்த்ததில்லை. இது சர்க்கார் பேப்பர் என்பது எல்லோருக்கும் தெரியும். கப்பல் தேதியை முழுதாக நம்புவார்கள். "மக்கள் பெரும் மகிழ்ச்சி" என்று போட்டிருந்தால் லேசாகச் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவார்கள்.

சர்க்கார் பேப்பருக்கு வெளியே அந்தமான் தமிழர்களுக்கென்று 'அந்தமான் முரசு', இங்கிலீஷில் 'தி லைட் ஆஃப் அந்தமான்ஸ்' போன்ற சிறு பத்திரிகைகளும் அந்தத் தீவுகளிலிருந்து வெளிவந்திருக்கின்றன. 2011 ஜனக்கணக்கின்படி அந்தமான் நிகோபாரின் மொத்த ஜனத்தொகையே 3,80,581 தான். அதில் சுமார் 15 சதவீதம் தமிழ் பேசுவோர். இலங்கையிலிருந்து சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின் கீழ் திரும்பி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்களும் இவர்களில் உண்டு. இவ்வளவு சின்ன ஊரில் செய்தி எழுதுகிறவருக்கு மைத்துனர் பொதுப்பணித் துறையில் இருப்பார், பக்கத்து வீட்டுக்காரர் கான்ட்ராக்டராக இருப்பார், பெரிய விளம்பரதாரர் சர்க்காராகவே இருக்கும். சம்பந்தமே இல்லாதவர்தான் எழுத வேண்டும் என்று விதி வைத்தால் எழுத ஆளே இருக்காது. எழுதுகிறவர் தன் சம்பந்தத்தைச் சொல்லிவிட்டு எழுதலாம், அல்லது சொல்லாமல் எழுதலாம். இந்த இரண்டு வழிகள்தான் மிச்சம்.

ஆசிரியர்கள் கப்பலேறிய கதை

1907-ல் அலகாபாத்தில் சாந்தி நாராயண் பட்நாகர் என்பவர் 'ஸ்வராஜ்யா' என்ற உருது வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். ராஜத்துவேஷக் குற்றத்துக்காக அவர் ஜெயிலுக்குப் போனார். அடுத்தவர் வந்தார், அவரும் போனார். 1910-ல் புதிய பிரஸ் சட்டத்தால் மூடப்படும்வரை இரண்டரை வருஷத்தில் எட்டு ஆசிரியர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஆசிரியர் தேவை என்று அவர்கள் செய்த விளம்பரம் பிரசித்தம்: சம்பளம் இரண்டு காய்ந்த ரொட்டியும் ஒரு குவளைத் தண்ணீரும், தலையங்கம் ஒன்றுக்குப் பத்து வருஷம் ஜெயில் என்ற பொருளில் அது இருந்தது. சம்பளமில்லாத தொண்டர்கள் நடத்திய பத்திரிகை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இவர்களில் ஹோதிலால் வர்மா, பாபு ராம் ஹரி, நந்த கோபால், லத்தா ராம் ஆகியோர் அந்தமான் செல்லுலர் ஜெயிலுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே படித்தவர், படிக்காதவர் என்ற பேதமின்றிச் செக்கில் பூட்டினார்கள். ஒரு ஆள் ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும். நந்த கோபால் தான் மாடு அல்ல என்று சொல்லி, மனுஷன் ஆட்டும் வேகத்தில் நிதானமாக ஆட்டி, ஜெயிலர் டேவிட் பாரியின் பொறுமையைச் சோதித்தது அந்த ஜெயில் சரித்திரத்தில் ஒரு தனி அத்தியாயம்.

'ஸ்வராஜ்யா' பக்ஷபாதமில்லாத பத்திரிகையா? நிச்சயமாக இல்லை. ஒரே பக்கம்தான் பேசியது. ஆனால் பெயரே ஸ்வராஜ்யா! எதற்காக எழுதுகிறோம், எழுதுவது யார், அதனால் என்ன வரும் என்பதை முதல் பக்கத்திலேயே பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டார்கள். அதைக் கையில் எடுத்த வாசகர், எதைப் படிக்கப் போகிறோம் என்று தெரிந்தே எடுத்தார்.

ஹோதிலால் வர்மா இன்னொரு காரியமும் செய்தார். 1912-ல் செல்லுலர் ஜெயிலில் நடக்கும் கொடுமைகளை விவரித்து ஒரு நீண்ட கடிதம் எழுதி, ரகசியமாக வெளியே அனுப்பினார். அது கல்கத்தாவில் சுரேந்திரநாத் பானர்ஜியின் 'பெங்காலி' பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்து பிரசுரமாயிற்று. இந்தக் கடிதத்தில் கவனிக்க வேண்டிய விஷயம், அவர் தன் பெயரை மறைக்கவில்லை. கையெழுத்துப் போட்டு, தான் அடைபட்டிருக்கும் அறையின் எண்ணையும் குறிப்பிட்டிருந்தார். மொட்டைக் கடிதமாக இருந்தால் சர்க்கார் ஒரே வார்த்தையில் கட்டுக்கதை என்று தள்ளியிருக்கும். கைதிக்கு ஜெயிலர் மேல் வெறுப்பு இருப்பது இயற்கை, ஆகவே கடிதம் பக்ஷபாதமானதுதான். ஆனால் எழுதியவர் யார், எங்கிருந்து எழுதுகிறார் என்று தெரிந்ததால் விசாரித்துப் பார்க்க வழி இருந்தது. பத்திரிகைகளில் பெரிய சர்ச்சை எழுந்தது. 1913-ல் வைஸ்ராய் கவுன்சிலின் ஹோம் மெம்பர் ரெஜினால்ட் கிராடக் நேரில் அந்தமான் சென்றார். 1914-ல், ஆயுள் தண்டனை அல்லாமல் குறிப்பிட்ட வருஷத் தண்டனை பெற்ற அரசியல் கைதிகள் தாய்நாட்டு ஜெயில்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

சொல்ல ஆளில்லாத வருஷங்கள்

இதற்கு நேர் எதிரான உதாரணமும் அதே தீவில் உண்டு. 1942 மார்ச் 23-ல் ஜப்பானியர்கள் போர்ட் பிளேரைப் பிடித்தார்கள். 1945 அக்டோபர் வரை அந்தமானில் அவர்கள் சொன்னதுதான் செய்தி. 1943 டிசம்பர் கடைசியில் நேதாஜி வந்தார். 30-ம் தேதி ஜிம்கானா மைதானத்தில் கொடியேற்றினார். அந்தச் சமயத்தில், உள்ளூரில் இந்திய சுதந்திர லீகை நடத்திய டாக்டர் திவான் சிங், ஜப்பானியரால் உளவாளி என்று குற்றம் சாட்டப்பட்டு, அதே ஊரில் செல்லுலர் ஜெயிலில் சித்திரவதைப்பட்டுக் கொண்டிருந்தார். நேதாஜியிடம் அதைச் சொல்ல யாரையும் விடவில்லை. 1944 ஜனவரி 14-ல் திவான் சிங் இறந்தார். ஜனவரி 30-ல் ஹம்ஃப்ரேகஞ்சில் 44 இந்தியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ஹோதிலால் காலத்தில் ஜெயிலுக்குள்ளிருந்துகூட ஒரு கடிதம் வெளியே போக முடிந்தது, அதைப் போட ஒரு பத்திரிகை இருந்தது. 1943-ல் ஜெயில் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற தலைவருக்கே விஷயம் எட்டவில்லை. ஒரு பக்கம் சாய்ந்த பத்திரிகைகள் பல இருப்பது, ஒரே பக்கம் மட்டும் பேசும் ஊரைக் காட்டிலும் எவ்வளவோ மேல்.

நம் பக்கத்துக் கதை

இனி நம்மவர்கள் கதைக்கு வருவோம். 1878-ல் மெட்ராஸ் ஹைகோர்ட்டில் முதல் இந்திய நீதிபதியாக டி. முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டபோது, ஆங்கிலேயர்கள் நடத்திய பத்திரிகைகள் அதைக் கண்டித்து எழுதின. பதில் சொல்ல நமக்குப் பத்திரிகை இல்லையே என்று திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் கூடினார்கள். இருவர் உபாத்தியாயர்கள் (ஜி. சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார்), நால்வர் சட்ட மாணவர்கள். ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதிகள் அச்சடித்தார்கள். 1878 செப்டம்பர் 20-ல் 'தி ஹிந்து' பிறந்தது இப்படித்தான். அதுவும் ஆரம்பத்தில் தொண்டர்கள் எழுதிய பத்திரிகையே. ஒரு பக்ஷத்துக்குப் பதிலாக இன்னொரு பக்ஷம் பேச வந்த பத்திரிகையே. அதில் தவறு எதுவும் இல்லை.

சுப்பிரமணிய ஐயர் 1889-ல் விதவையான தன் பெண்ணுக்கு மறுவிவாஹம் செய்து வைத்தார். சமூக சீர்திருத்தம் பற்றிப் பத்திரிகையிலும் கடுமையாக எழுதினார். சந்தாதாரர்களில் பலருக்கு மனஸ்தாபம். கூட்டாளிகளுக்குள் அபிப்பிராய பேதம் முற்றி, 1898-ல் அவர் ஹிந்துவை விட்டு விலகி, 1882-ல் தான் ஆரம்பித்த 'சுதேசமித்திரன்' பக்கம் முழுமூச்சாகத் திரும்பினார். அவர் கொள்கை நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, தன் வீட்டில் ஒன்று, பத்திரிகையில் ஒன்று என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை.

'இந்தியா' வாரப் பத்திரிகையின் கதை வேறு மாதிரி. 1906-லிருந்து அதில் எழுதிய கை பாரதியாருடையது என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் சட்டப்படி பொறுப்பாளராகப் பதிவாகியிருந்தவர் எம். சீனிவாசன் என்பவர். 1908-ல் வழக்கு வந்தபோது ஐந்து வருஷத் தண்டனை பெற்றவர் சீனிவாசன். பாரதியார் புதுச்சேரிக்குப் போய்விட்டார். பாரதியார் வெளியே இருந்ததால் தமிழுக்குக் கிடைத்த லாபத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனாலும் பேப்பரில் இருக்கும் பெயர் ஒன்று, எழுதும் கை வேறு என்றால் அதற்கான விலையை யாரோ ஒருவர் கொடுத்தே தீர வேண்டும் என்பதையும் அந்த வழக்கு காட்டுகிறது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். 1916-ல் பிராமணரல்லாதார் இயக்கம் மெட்ராஸில் அமைப்பாக உருவானபோது, அவர்கள் வைத்த குறைகளில் ஒன்று, பொதுப் பத்திரிகை என்று சொல்லிக்கொள்பவை நம் சமூகத்தார் கையில் இருக்கின்றன, தங்கள் குரலுக்கு அவற்றில் இடமில்லை என்பது. 1917-ல் அவர்கள் இங்கிலீஷில் 'ஜஸ்டிஸ்', தமிழில் 'திராவிடன்' என்று சொந்தப் பத்திரிகைகள் தொடங்கினார்கள். பத்திரிகையின் பெயரே கட்சிக்கும் ஜஸ்டிஸ் கட்சி என்று நிலைத்துவிட்டது. அவர்கள் எழுதியதெல்லாம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 1878-ல் நம்மவர்கள் ஆங்கிலேயர் பத்திரிகைகளைப் பார்த்து என்ன கேட்டார்களோ, அதே கேள்வியைத்தான் 39 வருஷம் கழித்து மற்றவர்கள் நம்மவர்களைப் பார்த்துக் கேட்டார்கள். தன் சாய்வு தனக்குத் தெரியாது. எதிரே நிற்பவனுக்குத்தான் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது

நான் சர்க்கார் ஃபைல்களோடு காலம் தள்ளியவன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1867-ம் வருஷத்துப் பத்திரிகை – புத்தகப் பதிவுச் சட்டம், அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரையும் அச்சிட்ட இடத்தையும் ஒவ்வொரு பிரதியிலும் போட வேண்டும் என்றது. 1922-ல் ஆசிரியர் பெயரும் சேர்ந்தது. அன்னிய சர்க்கார் இதைக் கொண்டுவந்ததில் வாசகர் நலம் எவ்வளவோ, வேண்டாதவரை வீட்டிலேயே போய்ப் பிடிக்கும் சௌகரியம் அவ்வளவு. ஆபத்தைத் தெரிந்துகொண்டுதான் 'ஸ்வராஜ்யா' ஆசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பொறுப்பேற்றார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு முதல் பிரஸ் கமிஷன் (1952–54) சிபாரிசுப்படி 1956-ல் பத்திரிகைப் பதிவாளர் அலுவலகம் வந்தது. அந்த வருஷ விதிகளின்படி, ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் 'படிவம் 4' என்று ஒரு அறிக்கை போட வேண்டியிருந்தது. ஆசிரியர், வெளியீட்டாளர், உரிமையாளர், மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் பங்குள்ளவர்கள் எல்லோர் பெயரும் விலாசமும் அதில் இருந்தன. மார்ச் இதழ்களில் ஏதோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள், படித்திருக்க மாட்டீர்கள்! 1867 சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதிய சட்டம் நிறைவேறி, 2024 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்துவிட்டது.

ஆனால் சட்டம் கேட்பது பத்திரிகை யாருடையது என்று மட்டும்தான். உள்ளே இருக்கும் கட்டுரையை எழுதியவருக்கும் அந்த விஷயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

திருகு அளவி சொல்லும் பாடம்

காலேஜில் ஃபிஸிக்ஸ் படித்தவர்களுக்குத் திருகு அளவி ஞாபகம் இருக்கும். கம்பியின் பருமனை அளக்கும் முன் வெறும் கருவியை மூடிப் பார்க்க வேண்டும். பூஜ்யத்தில் நிற்க வேண்டிய தலைக்கோல் இரண்டு பிரிவு தள்ளி நின்றால் அது சுழிப்பிழை. அதற்காகக் கருவியைத் தூக்கி எறிய மாட்டோம். பிழையை நோட்டில் எழுதிவிட்டு, வந்த அளவில் அதைக் கழித்துக்கொள்வோம். தெரிந்த பிழையால் கெடுதல் இல்லை. எழுதாமல் விட்ட பிழைதான் கணக்கைக் கெடுக்கும். எழுத்தாளர் சாய்வும் அப்படியே. மருத்துவ ஆராய்ச்சி உலகம் இதைப் புரிந்துகொண்டது. 'நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்' 1984-லேயே, கட்டுரை எழுதும் டாக்டர்கள் மருந்துக் கம்பெனிகளோடு தங்களுக்குள்ள பணத் தொடர்பைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தது.

அதற்காக, சொல்லிவிட்டால் எல்லாப் பாவமும் போச்சு என்று நினைக்கக் கூடாது. 2005-ல் கெயின், லோவன்ஸ்டைன், மூர் என்ற மூன்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரிசோதனையைப் பிரசுரித்தார்கள். ஒரு ஜாடியில் உள்ள சில்லறையின் மதிப்பை ஒருவர் ஊகிக்க வேண்டும். ஜாடியை நன்றாகப் பார்த்த இன்னொருவர் ஆலோசனை சொல்வார். ஊகம் அதிகமாக இருந்தால் ஆலோசகருக்கு லாபம். இந்த லாபத்தை வெளிப்படையாகச் சொன்னபோது என்ன ஆயிற்று? "சொல்லித்தான் விட்டோமே" என்று ஆலோசகர்கள் இன்னும் கூட்டியே சொன்னார்கள். கேட்டவர்களும் போதுமான அளவு கழித்துக்கொள்ளவில்லை. ஆக, சம்பந்தத்தைச் சொல்வதோடு நிற்காமல், எழுதுகிறவர் தன் கையையும் அடக்க வேண்டும், மறுபக்கத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

நமக்கு ஏன் இது

இதெல்லாம் பெரிய பத்திரிகைகளுக்குத்தானே, நாலு பேர் எழுதும் நம் இதழுக்கு எதற்கு என்று கேட்கலாம். ரிடையரான பிறகு நான் குடியிருந்த ஒரு ஊரில், சீனியர் ஸிட்டிஸன்கள் நடத்திய ஒரு செய்தி மடலில் முதியோர் குடியிருப்புத் திட்டம் ஒன்றைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை வந்தது. சாத்விக சாப்பாடு, நித்ய பூஜை, வாசலில் ஆம்புலன்ஸ் என்று மனசைத் தொடும்படி எழுதியிருந்தார்கள். எழுதியவர் எல்லோராலும் மதிக்கப்பட்டவர், காசு வாங்கி எழுதுகிறவர் அல்ல. அதை நம்பி, என் நண்பர் ஒருவர் தன் கிராஜுவிட்டிப் பணத்திலிருந்து நாலு லக்ஷம் அட்வான்ஸ் கட்டினார். கட்டிடம் அஸ்திவாரத்தோடு நின்றது. கட்டுரை எழுதியவர் புரொமோட்டரின் சம்பந்தி என்பது அப்புறம்தான் தெரிந்தது. அசல் திரும்பி வர நாலு வருஷம் ஆயிற்று, வட்டி வரவே இல்லை. "சம்பந்தின்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா, நான் நாலு இடத்துல விசாரிச்சிருப்பேனே ஓய்" என்றார் நண்பர். அவர் மனைவிக்கு அந்தச் சமயத்தில் ஆபரேஷன் செய்யக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

சம்பளம் வாங்காதவருக்கு லாபம் இல்லை என்று அர்த்தமில்லை. பெயர், பதவி, உறவு, நன்றிக்கடன் எல்லாமே லாபம்தான். நம் இதழை வயதானவர்கள் வரிக்கு வரி படிக்கிறார்கள். நம் சங்கத்துப் பத்திரிகை, பொய் சொல்லாது என்று படிக்கிறார்கள். பல ஊர்களில் இருப்பதால் நேரில் விசாரிக்க அவர்களால் முடியாது. ஆகவே ஆசிரியர் குழுவின் பரிசீலனைக்குச் சில யோசனைகள்:

1. ஒரு ஸ்தாபனம், பள்ளி, டிரஸ்ட், கல்யாண மண்டபம், குடியிருப்புத் திட்டம் ஆகியவற்றைப் பற்றி எழுதுகிறவர், அதில் தனக்கோ உறவினருக்கோ உள்ள சம்பந்தத்தைக் கட்டுரையின் அடியில் ஒரு வரியில் சொல்ல வேண்டும்.

2. பணம் கொடுத்துப் போடுவது எதுவாக இருந்தாலும் மேலே 'விளம்பரம்' என்று இருக்க வேண்டும். நன்கொடையாளரைப் பாராட்டும் கட்டுரையில் அவர் நன்கொடை கொடுத்த விவரமும் இருக்கட்டும்.

3. சங்கத் தேர்தல் சமயத்தில் வேட்பாளராக நிற்பவர் அந்த இதழின் ஆசிரியர் பொறுப்பிலிருந்து ஒதுங்கியிருக்கலாம்.

4. மறைந்தவரைப் பற்றிப் பிள்ளையோ மருமகனோ எழுதினால் அப்படியே சொல்லிவிடலாம். பிள்ளை அப்பாவைப் புகழ்வதில் என்ன வெட்கம்? படிக்கவும் இன்னும் உருக்கமாக இருக்கும்.

5. மறுத்து வரும் கடிதத்தை, கையெழுத்தும் விலாசமும் இருந்தால், அடுத்த இதழிலேயே போட வேண்டும்.

"இலவசமாக எழுதுகிறோம், அதற்கு இத்தனை கண்டிஷனா?" என்று சிலர் எழுதுவதையே நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் நியாயமானதே. ஆனால் கேட்பது ஒரே ஒரு வரி. பத்து வருஷம் ஜெயில் என்று தெரிந்தே பெயர் கொடுத்தவர்கள் இருந்த தேசம் இது.

ஊருக்கு உபதேசம் செய்தவன் தானும் அனுசரிக்க வேண்டும் அல்லவா? இதை எழுதும் நான் மத்திய சர்க்கார் பென்ஷனர். ஆகவே சர்க்கார் பேப்பரைப் பற்றி நான் சொன்னதில் கொஞ்சம் மென்மை இருக்கலாம், கழித்துக்கொள்ளுங்கள். நம் சமூகத்தில் பிறந்தவன், நம் பெரியவர்கள் மேல் அபிமானம் உள்ளவன், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். பணம் இழந்தவர் என் நண்பர் என்பதால் அந்தக் கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் உண்டு. மேலே சொன்ன ஐந்து யோசனைகளில் குறை கண்டவர்கள் அடுத்த இதழுக்கு அவசியம் எழுத வேண்டும். பெயரும் ஊரும் போட்டு எழுதுங்கள்.